மூன்றாவது பூ

எழுத்து எழுத்தாகத் தொட்டுப் படித்தாள்.

இங்கிலீஷ் பாட்டு. ஆனால் தமிழ் எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தான் அவள் புருசன் அருமைராஜ். அவனுக்கும் இங்கிலீஷ் வாசிக்க வராது.

அவளுக்குத் தமிழே போன வருசம்தான் வந்தது. உப்பளத்து வேலை முடிந்து, காலைக் கழுவிவிட்டு, வேதக்கோயில் வராந்தாவில் குந்திக் கற்றது.

பாட்டு பூக்களைப் பற்றியது என்று சொல்லியிருந்தான். நாலு பூ.

ரோஸ். லில்லி.

மூன்றாவதில் விரல் நின்றது.

வ. ய. ல. ட்.

நாலாவது டெய்சி. அதை அவள் பார்க்கவேயில்லை.

கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வெளிநாட்டு விருந்தாளி வருகிறாராம். அவருக்காகத்தான் இந்தப் பாட்டு. அருமைராஜுக்குக் குரல் உண்டு. லாரியில் உப்பு மூட்டை ஏற்றும்போதும் பாடுகிறவன். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பியானோ வாசிப்பதும் வயலட் டீச்சர்.

ஒரு மாதமாக வீட்டில் அந்தப் பெயர்தான்.

பல் விளக்கிக்கொண்டே வயலட். கஞ்சிக்கு உட்கார்ந்தால் வயலட். கண்ணாடி முன்னால் நின்று, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து, வயலட். நம்முடைய வ மாதிரி இல்லையாம். பல் உதட்டில் பட வேண்டுமாம். டீச்சர் தொட்டுக் காட்டினார்களாம்.

யார் உதட்டை என்று அவள் கேட்கவில்லை.

வேறொன்றைத்தான் கேட்டாள்.

"அந்த ஒரு பூவ மட்டும் எத்தன தடவ பறிப்பிய?"

"ஏட்டி, பூவுக்கெல்லாமா பொறாமப்படுவ?" சிரித்துக்கொண்டே கண்ணாடிக்குத் திரும்பிவிட்டான்.

ஏட்டி.

பதினோரு வருசமாக அதுதான் அவள் பெயர். சொந்தப் பெயரை அவன் வாயால் கேட்டது ஒரே தடவை. கல்யாணத்தன்று, போதகர் சொல்லச் சொல்ல, அப்படியே திருப்பிச் சொன்னான்.

இப்போது குளித்துக்கொண்டிருக்கிறான். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. புதுச்சட்டை கொடியில் காத்திருக்கிறது.

பழைய செருப்பிலிருந்து ரப்பரைக் கிள்ளினாள். தாள் கிழிந்துவிடாமல் மெல்லத் தேய்த்தாள். உப்பு அரித்த விரல் எரிந்தது.

நாலு எழுத்து போன இடத்தில் மூன்று எழுத்து. இடம் தாராளம்.

கிருபை.

கையெழுத்துக்கு இல்லாமல் அந்தப் பெயரை அவள் எழுதியது அதுதான் முதல் தடவை.

மேடை ஏறினால் அவனுக்குப் பாட்டு மறந்துபோகும். கண் பார்த்ததை வாய் சொல்லும். அர்த்தம் தெரியாமல் வாசிக்கிறவன்தானே. இத்தனை பேர் முன்னால், ஒரு தடவை, வாய் நிறைய.

அது போதும் அவளுக்கு.

தாளை மடித்து வேதப்புத்தகத்துக்குள் இருந்தபடியே வைத்தாள்.

சாயங்காலம் கோயில் ஹாலில் மூன்றாவது வரிசை கிடைத்தது. டீச்சர் பியானோவுக்கு முன்னால். மாம்பழ நிறப் பட்டு. கழுத்தில் பவுடர்.

அருமைராஜ் தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பாடினான். இருட்டில் படி இறங்குகிறவன் மாதிரி. ரோஸைத் தாளில் பார்த்தான். லில்லியைத் தாளில் பார்த்தான்.

"ஒங்க வீட்டுக்காரரு வெள்ளக்காரன் மாதிரில்லா பாடுதாரு," பக்கத்தில் இருந்த பிளசி காதில் கிசுகிசுத்தாள்.

கிருபைக்கு அது காதில் விழவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள்.

மூன்றாவது பூ வந்தது.

அவன் தாளை இறக்கினான். மேல்பல் கீழுதட்டில் பட்டது.

டெய்சிக்கு மறுபடியும் தூக்கிக்கொண்டான்.