புது மருமகளின் இணைப்பு

மறுவீடு முடிந்த கையோடு புது மருமகளின் தரவுத்தளத்தைக் குடும்பத்தின் தரவுக்கிடங்கோடு இணைத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். இணைத்துவிட்டால் அவளுடைய மருத்துவக் குறிப்பு, பழைய அரட்டை எல்லாமே கூடத்துத் திரைக்கு வந்துவிடும்.

புது மருமகள் தாரகை கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தனக்கு வலிப்பு உண்டு என்பதைக் கணவன் மகிழனிடம் மட்டும்தான் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

மகிழனின் அண்ணன் சேரன், முகவரியையும் பயனர் பெயரையும் நிரப்பிவிட்டு, "பாஸ்வேர்டைப் புருஷன்தான் போடணும், நீ போடுடா" என்று விசைப்பலகையைத் தம்பியிடம் தள்ளினான்.

மகிழன் அடித்தான். இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடியும் அடித்தான். கிடைக்கவில்லை.

"பொண்டாட்டி பாஸ்வேர்டு கூடத் தெரியாதா? நல்ல புருஷன்டா நீ" என்று சேரன் சிரித்தான். "பாத்துப் போடு. இன்னொரு தடவை தப்பாச்சுன்னா ஆயுசுக்கும் பூட்டிக்கும்."

மகிழன் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தான். திரை சிவந்து பூட்டிக்கொண்டது.

"போச்சு" என்றார் மாமியார். "இனிமே இவளப் பத்தி என்ன தெரியணும்னாலும் இவகிட்டயேதான் கேக்கணும்."

"கேளுங்கம்மா" என்றான் மகிழன்.

தாரகை நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவன் பெயரைத்தான் அவள் பாஸ்வேர்டாக வைத்திருந்தாள். அது அவனுக்கும் தெரியும்.