பதினேழு அங்குலம்

கூடத்தில் ஐந்து பேர்.

அப்பா மின்விசிறிக்கு நேர் கீழே, நாற்காலியில். அம்மாவின் தம்பி, மாமா, கட்டிலில் சம்மணமிட்டு. மாமாவின் மனைவி, அத்தை, தரையில், மடியில் பித்தளைத் தாம்பாளம். அம்மா அடுக்களை வாசலில், பாதி உள்ளே, பாதி வெளியே.

அவள் சுவரோரம், முக்காலியில்.

மேற்படிப்புக்கு மடிக்கணினி எடுத்துத் தருவது தாய்மாமன் முறை. வெள்ளிக்கிழமை அவளுடைய நிச்சயதார்த்தத்தில், சீரோடு சீராகச் சபையில் வைப்பதாக ஏற்பாடு.

தனக்கு வேண்டியதை அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கூடாது. பத்து மணி நேரம் சார்ஜ் நிற்க வேண்டும்.

தாள் மாமாவின் தொடைக்கடியில் கிடந்தது.

"பதினேழு இஞ்சுதான்" என்றார் மாமா, கைபேசியைப் பார்த்தபடி. அத்தை தாம்பாளத்தைச் சாண் போட்டு அளந்தாள்.

"வெத்தல பாக்குக்கு இடம் இருக்காதே."

"இருக்க வேணாம். தட்டு நெறஞ்சு தெரியணும்ல."

"அது மூணு கிலோ மாமா. பாறை பாக்க மலை ஏறணும். நான் எடுத்திருக்கிறது நிலவியல்."

மாமா சிரித்தார்.

"மலைக்கு எதுக்கு தாயி? மாப்பிள்ளை வீட்டுல மேசையே வாங்கிப் போட்டுட்டாக. கல்யாணத்துக்கப்புறம் அங்க இருந்தே கரஸ்ல ஏதாச்சும் படி. பேசி முடிச்சிட்டோம்."



அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா நேற்றைய நாளிதழைப் பிரித்தார்.

அம்மாவின் வெளியே இருந்த பாதியும் உள்ளே போனது.

"அப்ப அத மாப்பிள்ளைக்கே குடுத்துருங்க மாமா. மேசையும் அவருதுதான?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா பார்த்த பார்வையில் தாம்பாளத்தைக் குனிந்து துடைத்தாள்.

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

பல்கலைக்கழக விடுதியின் விண்ணப்பம் ஒரு வாரமாக அப்பாவின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கொண்டுவந்து அவர் முன் நீட்டினாள். பேனாவையும் திறந்து நீட்டினாள்.

"மாமா சொல்றதக் கேளும்மா."

திருப்பி வாங்கிக்கொண்டாள்.

பொறுப்பாளர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். வயது: இருபத்திரண்டு. மாணவிக்கு என்ன உறவு என்ற இடத்தில், நானே.

கூடவே வைக்கத் தனித்தாளில் நான்கு வரி.

ஐயா, வணக்கம். மாணவர்கள் சொந்த மடிக்கணினியோடு வர வேண்டும் என்று துறைக் குறிப்பில் கண்டேன். என்னிடம் இல்லை. ஆய்வகக் கணினியில் செய்துகொள்கிறேன். அறை ஒதுக்கித் தரவும்.

அடித்தல் திருத்தல் இல்லை. நாலாக மடித்து உறையிலிட்டாள். பசை தடவி, ஓரத்தைப் பெருவிரலால் இரண்டு முறை தேய்த்தாள்.

கூடத்தின் நடுவழியாகத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

தபால் நிலையத்தில் முத்திரை விழும்வரை நின்றாள்.

கைபேசி அடித்தது. அப்பா.

எடுத்தாள்.

"போட்டுட்டேம்ப்பா."