சாட்சிக்கு வந்த மதினி

“‘எங்க இஞ்சினுக்கு எங்க பம்பு, எங்க பைப்பு, எங்க எண்ணெய். வேற கடைச் சாமான் மாட்டினவனுக்கு ஒரு ஆணிகூடக் கிடையாது.’ இப்படித்தாங்கய்யா சொன்னாரு. ஒரு வார்த்தை நான் கூட்டலை, குறைக்கலை!”

உடையப்பன் மேசையைக் குத்தாத குறை.

எதிரே இருந்த இஞ்சின் கம்பெனி ஏஜண்டு ஞானதாஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அது கம்பெனி சட்டம்ப்பா. நானா போட்டேன்?”

“நல்ல சட்டம்! தேஞ்சுபோன இஞ்சின் ரிங்கு உங்ககிட்ட மட்டுந்தான் கிடைக்குது. வேற பம்பு மாட்டினேன்னு அதைத் தரமாட்டேங்கிறீக. ஒருத்தன் கையிலயே எல்லாம் இருந்தா மத்தவன் மண்ணையா திங்கிறது?”

பெரிய கம்பெனிகளின் கெடுபிடியை விசாரிக்க சர்க்கார் அனுப்பிய அதிகாரிக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. திண்டுக்கல் பங்களாவில் காலையிலிருந்து கொட்டாவி விட்டவர், இப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

“இஞ்சின் நின்னதால யார் யாருக்குக் கஷ்டம்?”

இதற்காகத்தானே தன் ஊரான அகரத்திலிருந்து ஆளையே கூட்டி வந்திருந்தான் உடையப்பன்! கதவோரம் ஒண்டிக்கொண்டிருந்த சுந்தரம்மாளை முன்னால் இழுத்துவிட்டான்.

“எங்க அண்ணன் சம்சாரங்க. அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரு. கிணறு ரெண்டு வீட்டுக்கும் பொது. கொஞ்சூண்டு வெங்காயம் போட்டிருக்காங்க, அதை விட்டா கஞ்சிக்கு வேற வழியில்லை. அம்புட்டும் வாடுது. சொல்லுங்க மதினி!”

சுந்தரம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியில்கூட அவளை யாரும் கேட்கவில்லை.

“பயிர் வாடுதாம்மா?”

“வாடித்தான் கெடந்துச்சுங்க சாமி. இப்பத்தான் கொஞ்சம்...”

“அழுகை முட்டுதுங்கய்யா, பேச வரலை,” என்று உடையப்பன் முடித்துவைத்தான்.

பெண்பிள்ளை அழுகிறாள் என்று ஆம்பிளை ஒருவன் சொல்லிவிட்டால் போதாதா? அதிகாரி உருகிவிட்டார். ஞானதாஸ் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்கே இவங்களுக்கு ரிங் போகணும். இல்லேன்னா ஏஜென்சி உம்மகிட்ட இருக்காது.”

வெளியே வந்ததும் உடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஜெயிச்சுட்டோம் மதினி! ஒரு காப்பி குடிக்கிறீகளா?”

“வேணாம் கொழுந்தனாரே.”

“ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீக? சர்க்காரே நம்ம பக்கம். இனிமே தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்தும்.”

“அதான்... எனக்கும் ஒரு முறைத் தண்ணி விட்டா...”

“அது என் வாழைக்கே பத்தாது மதினி. இஞ்சின் நான் வாங்கினது. உங்களுக்குத்தான் மாடு கட்டி இறைக்கிற கமலை இருக்குல்ல?”

அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் விடியும்போதே இஞ்சின் கரும்புகை கக்கியது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. கம்பெனியின் கொட்டத்தை அடக்கியவன் என்று உடையப்பன் தோளில் யாரோ துண்டுகூடப் போட்டார்கள். வாழைக்குள் தண்ணீர் குதித்து ஓடியது.

வெயில் ஏறியதும் கிணற்றின் மறுபக்கம் சுந்தரம்மாள் கமலையில் மாடுகளைப் பூட்டினாள். தண்ணீர் மொள்ளும் இரும்புச் சால் கிணற்றுக்குள் இறங்கியது. வடக்கயிறு இறங்கிக்கொண்டே போனது. முழு வடமும் தீர்ந்தது. அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. இருந்த தண்ணீர் இஞ்சின் பைப்பு கிடந்த பள்ளத்துக்குள் ஒடுங்கியிருந்தது; சால் பாறையில் மோதி மல்லாந்தது.

அவள் கூப்பிட்டாள். கைதட்டலிலும் இஞ்சின் சத்தத்திலும் ஒருத்தரும் திரும்பவில்லை. கிணற்று விளிம்புக்கே வந்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

“கொழுந்தனாரே, இந்த இஞ்சின் கெட்டு நின்னப்பதான் கிணறு ஊறி என் சாலுக்குத் தண்ணி எட்டுச்சு! இப்பத்தான் வெங்காயம் தலை தூக்குது. என் பங்கை மட்டும் இறைச்சுக்கிடுறேன், செத்த நேரம் நிப்பாட்டுங்க!”