ஒன்பதாம் பக்கம்

கைநூல் ஐந்தாவது தடவையும் திரும்பி வந்தது.

இந்த முறை பதினேழு திருத்தங்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டனின் பெயர் தடித்த எழுத்தில் இல்லை. இருபதில் 'அழி', இருபத்திரண்டில் 'நீக்கு'. இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்று ஓரத்தில் கேள்வி.

நிரோஜா கண்ணைக் கசக்கினாள். கிளிநொச்சியில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. கிளினிக்குகளில் நோயாளரைப் பதியும் மென்பொருளுக்குத் தமிழில் கைநூல் எழுதியது அவள்தான். மற்றக் கிளினிக்குகள் ஒரு குறையும் சொல்லவில்லை. புதுக்குடியிருப்புக்கு அங்கால், ஒரு கிராமத்துக் கிளினிக்கில் பதிவு வேலை பார்க்கும் வடிவம்மாதான் விடுவதாயில்லை.

அந்த மனுசி தன் கெட்டித்தனத்தைக் காட்டப் பார்க்கிறா என்றார் முதலாளி ரூபன். நேரில் போய், இனித் திருத்த ஏலாது என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

இரண்டு பஸ், பிறகு ஓட்டோ. நிரோஜா போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. வடிவம்மா கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, மறுபடி கைநூலை விரித்தார்.

"பிள்ளை, இதில 'சேமி' எண்டு எழுதியிருக்கு. திரையில 'பதி' எண்டெல்லோ கிடக்கு."

நிரோஜாவுக்குப் பயணக் களைப்பு. வாய் தவறிவிட்டது.

"அக்கா, எல்லாருக்கும் விளங்குது. உங்களுக்கு மட்டும் ஏன் விளங்கேல்ல?"

வடிவம்மா கோபிக்கவில்லை.

"எனக்கும் விளங்குது. எண்டாலும் ஒரு வேலைக்கு ஒரு சொல்லுத்தான் இருக்க வேணும், பிள்ளை."

டொக்டர் கூப்பிட, எழுந்து உள்ளே போனார்.

பக்கத்து மேசையில் மருந்துச் சீட்டுத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தாதி இஷ்ரா, ஆதம்பாவாவின் விஷயம் தெரியுமா என்று கேட்டாள். நிரோஜாவுக்குத் தெரியாது.

ஆதம்பாவா வயல் செய்யும் ஒரு வயதான கமக்காரர், நீரிழிவுக்காரர். போன வருடம் அவருடைய விவரத்தைப் பதிந்த பிறகு, வடிவம்மா கைநூலைப் பார்த்திருக்கிறார். ஒன்பதாம் பக்கத்தில், 'வேலை முடிந்ததும் மூடவும்' என்று இருந்தது. திரையில் 'மூடு' என்று ஒரு பட்டன். அதை அமத்தினார்.

நிரோஜா எழுத நினைத்தது திரையை மூடுவதை. அந்தப் பட்டன் மூடியது நோயாளியின் கோவையை, அவருடைய முழுப் பதிவையுமே.

அடுத்த மாதப் பட்டியலில் ஆதம்பாவாவின் பெயர் இல்லை. ஊசிமருந்து கிடைக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு பெரியாஸ்பத்திரியில் கிடந்து, கால்விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று.

நிரோஜா கைநூலை இழுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கத்துக்கான திருத்தம் முதல் தடவையிலேயே வந்திருந்தது. ஏன் எதற்கு என்று கேட்காமல், அலுப்போடு மாற்றி அனுப்பிய வரி அது.

"விசாரணை வந்தது," என்றாள் இஷ்ரா. "அக்காக்கு எச்சரிக்கைக் கடிதம். வர இருந்த பதவி உயர்வும் போச்சு. இனி வேற ஒருத்தருக்கும் இப்பிடி நடக்கக் கூடாதெண்டுதான் வீட்டுக்கும் கொண்டுபோய் ஒவ்வொரு பக்கமாப் பார்க்கிறா."

"கைநூல்லதான் பிழை எண்டு அக்கா சொல்லேல்லையா?"

இஷ்ரா துண்டுகளை மேசையில் வைத்தாள்.

"அதை எழுதினது ஆரெண்டு விசாரணைக்கு வந்த ஆக்கள் கேக்கிறதுக்கு முந்தியே அக்கா உங்கட கந்தோருக்குப் போன் எடுத்து விசாரிச்சவா. வேலைக்குச் சேர்ந்து மூண்டு மாசமான ஒரு பிள்ளை எண்டு சொல்லியிருக்கினம். போனை வைச்சிட்டு, 'கைநூலில் சரியாகத்தான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை' எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டா."