கொசுறாக ஒரு மணி நேரம்

வான்கூவரிலிருந்து திருச்சிக்கு இப்போது ராக்கெட்டில் நாற்பது நிமிடம்தான். என் டிக்கெட் கடைக்கு வருகிறவர்கள் அதையும் முப்பத்தைந்தாகக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார்கள். பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இபுராகிம் ராவுத்தர் மட்டும் கூட்டிக் கேட்டார்.

“மக நிலோஃபர் அங்கேருந்து வரணும் தம்பி. எவ்வளவு மெதுவா கூட்டிட்டு வருவே?”

“பழைய விமானம் ஒண்ணு இன்னும் ஓடுது பாய். பதினெட்டு மணி நேரம்.”

“இன்னும் பார்த்துப் போடு.”

“வழியில தோஹாவுல எட்டு மணி நேரம் உட்கார வைக்கலாம். இருபத்தாறு.”

“முப்பதா முடிச்சிக்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொண்ணு மேல என்ன கோபம் பாய்?”

“நாப்பது நிமிஷம்தானே, நாளைக்கு வரேன்னு சொல்லிச் சொல்லியே மூணு வருஷம் ஓட்டிட்டா. முப்பது மணி நேரம் உட்கார்ந்து வர்றவ, ஒரு மாசம் தங்காம திரும்புவாளா?”

கொசுறாக ஒரு மணி நேரம் சேர்த்து, முப்பத்தொன்றாகப் போட்டு நிலோஃபருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“என்ன அத்தா இது, முப்பத்தொரு மணி நேரமா? இதுக்கு நான் லீவுல்ல போடணும்?”

“போடும்மா.”

அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “எத்தனை நாளைக்குப் போட?” என்றாள்.

எந்த வியாபாரத்திலும் விலையை எதிராளியைச் சொல்ல விடாத மனிதர், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நீயே சொல்லும்மா” என்றார்.