தற்செயலாக நால்வர்

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கைபேசியில் அப்பாவின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளை காலை அப்பா வருகிறார். டி.சி. வாங்கிக்கொண்டு அவரோடு ஊருக்குப் போய்விடலாம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இத்தனை நாளாகியும் ஒருவரோடும் ஒட்டவில்லை. எந்த பஸ்ஸில் வருகிறார் என்று மட்டும் கேட்க வேண்டும்.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தப் புங்க மரத்தடிக்கு யாரும் வருவதில்லை. அதனால்தான் அவள் தினமும் வருவாள்.

இன்று விடுதி வார்டன் வந்தார்.

அவளைப் பார்க்காததுபோல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். காக்காய்க் கூட்டைப் பற்றி யாரோ புகார் கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு சுகாதார மையத்து நர்ஸ் வந்தார். மாலை நடையாம். கையில் பி.பி. பார்க்கும் கருவி.

அடுத்து உடற்கல்வி இயக்குநர். ஓடிவந்து நின்றார். குனிந்து ஷூ லேஸைக் கட்டினார்.

காலில் செருப்புதான் இருந்தது.

கடைசியாக மாணவர் நலக் கவுன்சிலர். "ஆமா... ஆமா... சரி" என்று கைபேசியில் பேசிக்கொண்டே வந்தார்.

காதில் வைத்திருந்த அந்தக் கைபேசி மணியடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

நேற்று ஒரு கூட்டம் நடந்தது அவளுக்குத் தெரியாது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, படிப்பையே விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்று அறைத்தோழி போய்ச் சொல்லியிருந்தாள். உட்காரும் இடத்தையும் சொல்லியிருந்தாள். நான்கு துறைகளும் முதன்முறையாக ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தன. கூட்டமாகப் போய்ப் பிள்ளையை மிரட்டக் கூடாது. ஒருவர் மட்டும், தற்செயலாகப் போவதுபோல் போய்ப் பேச வேண்டும். ஒருமனதான முடிவு. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பேச்செடுத்தபோது பஜ்ஜி வந்துவிட்டது.

ஆளுக்கொரு மணியோடு வந்து நிற்கிறார்கள்.

"நீங்க வரப்போறதா சொல்லவே இல்லையே மேடம்?" என்றார் நர்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கவுன்சிலர் வராம வேற யாரு வருவா?"

"என் ஹாஸ்டல் பொண்ணு," என்றார் வார்டன்.

"சாப்பிடாத பொண்ணு. அப்போ அது மெடிக்கல்."

"நாலு ரவுண்டு ஓடினா பசி தன்னால எடுக்கும்," என்றார் இயக்குநர். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

அவளிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை.

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது, பெரியவர்கள் நிற்கிறார்கள்.

மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இயக்குநர் மரத்தின் வேரில் அமர்ந்தார். பைகளிலிருந்து ஆளுக்கொரு டப்பா வெளியே வந்தது. எலுமிச்சை சாதம், இட்லி, கடலை மிட்டாய், கேசரி. எல்லாம் அவளுக்குத்தான். ஆனால் தற்செயலாக வந்தவர் எப்படி "உனக்குத்தான் கொண்டுவந்தேன்" என்று நீட்ட முடியும்?

அவரவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

"ஹாஸ்டல்ல அத்தனை பொண்ணுங்க," என்றார் வார்டன், யாரிடம் என்றில்லாமல். "சாம்பார் சரியில்லைன்னு சொல்றதுக்குத்தான் எங்கிட்ட வருவாங்க."

"எங்கிட்ட லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வருவாங்க," என்றார் நர்ஸ்.

"உங்ககிட்டயாவது வர்றாங்க. என் ரூம்ல ரெண்டு நாற்காலி. நானே மாத்தி மாத்தி உக்காந்துக்கறேன்," என்றார் கவுன்சிலர்.

இயக்குநர் சொல்லவே வேண்டியதில்லை. அவருடைய மைதானத்தில் ஆடு மேய்வது ஊருக்கே தெரியும்.

அவள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

கவுன்சிலரின் மடியிலிருந்த கேசரி டப்பாவை எடுத்துத் திறந்தாள். வார்டனிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க மேடம்."

டப்பா கைமாறிக் கைமாறிச் சுற்றியது. அவளும் சாப்பிட்டாள். முந்திரியை இயக்குநருக்கு விட்டுக்கொடுத்தாள்.

கைபேசி ஒலித்தது. இந்த முறை அவளுடையது. எழுந்து நான்கு தப்படி தள்ளிப் போனாள்.

"காலைல முதல் பஸ்ஸுலயே வந்துடறேன்மா," என்றார் அப்பா.

அவள் திரும்பிப் பார்த்தாள். நாளை யார் தற்செயலாக வருவது என்று நால்வரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்பா."

"ஏம்மா, என்னாச்சு?"

அவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க நாலு பேரு இருக்காங்கப்பா. பாவம். நானும் வந்துட்டா அவங்களுக்குப் பேச ஆளே இல்ல."