நூற்றாண்டுப் பாசி

"காலை எடுங்க அண்ணா. நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிறது வெறும் பாசி இல்ல, ஹிஸ்டரி."

பரராசசிங்கம் சப்பாத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஜெர்மனியில் எசன் நகருக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பழைய ஜப்பானியப் பாசித் தோட்டத்தில் ஒன்பது வருடமாகச் சருகு கூட்டுவதும் தண்ணீர் விடுவதும் அவர்தான்.

அதட்டியவர் ரகுநாதன். டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்த பாசி ஆராய்ச்சியாளர். கையில் ஒரு படிவம். இது நூறு வருடத்துப் பாசிதான் என்று அவர் கையெழுத்துப் போட்டால் தோட்டம் நிலைக்கும். இல்லையென்றால் அடுத்த மாதம் பூட்டு. ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு வேலை தேடப் பரராசசிங்கத்தின் முதுகில் தெம்பில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. மனைவி சுந்தரேஸ்வரி. எடுக்காமல் நிறுத்தினார்.

ரகுநாதன் மண்டியிட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், மூக்கை வைத்து முகர்ந்தார். இந்தப் பொறுமை ஜப்பான்காரனுக்கு மட்டும்தான் வரும், நம் ஆட்கள் பாசியைக் கண்டால் பிளீச்சிங் பவுடரோடு ஓடுவார்கள் என்று பத்து நிமிடம் வருத்தப்பட்டார். பரராசசிங்கமும் சேர்ந்து வருத்தப்பட்டார்.

"போன கோடையில அவ்ளோ வெயில். இது எப்படித் தாங்குச்சு?"

"ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டனான், ஐயா."

அது பொய்யில்லை.

"தண்ணி இல்ல அண்ணா. நூறு வருஷ வைராக்கியம்."

மறுபடி கைப்பேசி. மறுபடி நிறுத்தினார்.

பாசிக்கு அடியில் நகத்தளவு கறுப்புத் துண்டு ஒன்று ரகுநாதனிடம் அகப்பட்டது. பரராசசிங்கம் அதை வாங்கி எறிய அவசரமாகக் கை நீட்டினார். ரகுநாதன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரி. அந்தக் காலத்துல கரி போட்டுத்தான் மண்ணைப் பதப்படுத்தியிருக்காங்க. ஒன்பது வருஷமா இங்க இருக்கீங்க, இது தெரியுமா உங்களுக்கு?"

"எங்களுக்கு உதெல்லாம் எங்க ஐயா தெரியும்."

ரகுநாதன் கறுப்புத் துண்டைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். போகும்போது தோட்டத்தை ஒரு முறை கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மூன்றாவது முறையாகக் கைப்பேசி அதிர்ந்தது. இப்போது எடுத்தார்.

"எத்தனை தரம் அடிக்கிறன்" என்றாள் சுந்தரேஸ்வரி. "எங்கட கராஜ் கூரையில கிடந்த பாசியைத் தோட்டத்துக்கெண்டு மூண்டு சாக்கில அள்ளிக்கொண்டு போனது சரி. ஒழுகாமல் இருக்கக் கூரையில பூசின கறுத்தத் தாரையுமெல்லோ சேர்த்துச் சுரண்டிப் போட்டியள். ராத்திரி பெய்த மழை முழுக்கக் காருக்குள்ள."